பழைய கார்புரேட்டர் வண்டியில் எத்தனால் பெட்ரோல்: அரிப்பு பற்றிய நெடுநாள் அனுபவம்

2009-இல் வாங்கிய, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள 100 சிசி மோட்டார் சைக்கிளைத் தூத்துக்குடியில் இன்றும் ஓட்டிவருகிறேன். 2022 நடுவில் நாட்டின் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 10 விழுக்காட்டைத் தொட்டது; 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025-இல் அதுவே பெட்ரோல் பங்குகளில் பொது வழக்கமாகிவிட்டது. மைலேஜ் தனிக் கதை. இங்கே அரிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கெட்டது உலோகம் அன்று, ரப்பர். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் டியூப் முனைகளில் உப்பித் தளர்ந்து, வண்டி நின்று காய்ந்த பிறகு வெடிப்பு விட்டது. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலிலிருந்து, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கைக் கழற்றியபோது அது வீங்கியிருந்ததால், மறுபடி அதன் பள்ளத்தில் உட்காரவே இல்லை. பழைய வண்டிகளில் உள்ள சாதாரண நைட்ரைல் ரப்பரைத் தனிப் பெட்ரோலை விடவும் எத்தனால் கலந்த பெட்ரோல் அதிகமாக வீங்க வைக்கும். டியூப் சூடான இன்ஜினுக்கு மேலே போவதால், அதில் விழும் சிறு வெடிப்பும் தீ விபத்துக்கு வழிவிடக்கூடியது. துருவை விட எனக்குக் கவலை தருவது இதுதான்.

உலோகத்தைப் பொறுத்தவரை எத்தனாலோடு சேரும் தண்ணீர்தான் பெரிய கேடு. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தேங்கும். பெட்ரோல் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தாது, ஈரமான எத்தனாலோ கடத்தும். அதனால் பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளையுள்ள பித்தளை ஜெட்டும் அதைத் தாங்கும் கார்புரேட்டரின் அலுமினிய, துத்தநாகக் கலவை உடலும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மின்வேதி அரிப்பு தொடங்குகிறது. நாள்பட்ட எரிபொருளில் எத்தனால் ஆக்சிஜனோடு வினைபுரிந்து அசெட்டிக் அமிலமும் உருவாகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை நிறுத்திவைத்துவிட்டுத் திறந்து பார்த்தபோது ஃப்ளோட் பவுலில் வெள்ளைப் பொடியும், குறைந்த வேகத்தில் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டில் அடைப்பும், டேங்கின் அடியில் துருவும் இருந்தன. அன்றாடம் ஓட்டிய மாதங்களில் இவற்றில் எதுவும் இந்த அளவுக்கு வரவில்லை. ஆகவே இ20 இன்ஜினையே தின்றுவிடும் என்ற அச்சத்தை நான் ஏற்கவில்லை. தேங்கி நிற்கும் இ20-ஐத்தான் அஞ்ச வேண்டும்.

பிரேசில் 1975-இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கி, 1979-இல் முழு எத்தனால் கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அவற்றின் கார்புரேட்டர்களுக்கு நிக்கல் பூச்சு தரப்பட்டது. அதாவது எரிபொருளுக்கு ஏற்பப் பொருளையும் மாற்றினார்கள். இங்கும் 2023 ஏப்ரல் முதல் வரும் புதிய வண்டிகளின் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்படுகின்றன. அதற்கு முந்தைய கோடிக்கணக்கான வண்டிகளுக்கு ஏற்ற டியூபும் ஓ ரிங்கும் சிற்றூர் ஸ்பேர் கடைகளிலும் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

இப்போது என் வண்டியில் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பர் டியூபும் ஓ ரிங்குகளும் இருக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் இதுவரை வீங்கவில்லை. எத்தனால் பழைய படிவுகளைக் கரைத்து இறக்கும் என்பதால் பெட்ரோல் ஃபில்டரை அடிக்கடி பார்க்கிறேன். டேங்க் மூடியைச் சுற்றியுள்ள மழைநீர் வடியும் துளையை மழைக்கு முன்பே குத்திச் சுத்தம் செய்கிறேன். நீண்ட நாள் நிறுத்த நேர்ந்தால் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வால்வை மூடி, ஃப்ளோட் பவுலின் வடிகால் திருகைத் தளர்த்தி, உள்ளிருக்கும் பெட்ரோலை வடித்துவிடுகிறேன்.