வேர்ட்நெட்: 'கொஞ்சம் பெரிய'தும் 'ராட்சத'மும் ஒரே வரிசையில்

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் 1985இல் தொடங்கிய ஆங்கிலச் சொல் தரவுத்தளம்தான் வேர்ட்நெட். இலவசம், 3.0 பதிப்பில் 1,17,000க்கும் மேற்பட்ட ஒத்தசொல் கொத்துகள் இருக்கின்றன. லார்ஜிஷ், ஸ்மாலிஷ், டாலிஷ், சைசபிள் போல அளவை மட்டாகச் சொல்லும் பெயரடைகளுக்கு இதை நம்பலாமா?

பொருள் பார்க்க மட்டும் என்றால், தாராளமாக. லார்ஜிஷும் பிக்கிஷும் (இரண்டும் 'கொஞ்சம் பெரிய') ஒரே கொத்தில் இருக்கின்றன. சைசபிள் ('ஓரளவு பெரிய'), ஆம்பிளோடு வேறு கொத்தில் நிற்கிறது. விளக்கங்கள் இரண்டு மூன்று வார்த்தைதான், ஆனால் சரியானவை.

மாற்றுச் சொல் தேடும்போதுதான் சிக்கல். பெயரடைகளை இது எதிர்ச்சொல் ஜோடிகளாக அடுக்குகிறது. லார்ஜ் ஒரு தலைச்சொல், ஸ்மால் அதற்கு எதிர்த் தலைச்சொல். மற்றவை இவற்றைச் சுற்றி 'ஒத்தது' என்ற ஒரே உறவில் தொங்குகின்றன. லார்ஜுக்குக் கீழே பிக்கிஷ், சைசபிள், 'ராட்சத' என்று பொருள்படும் ஜைகான்டிக், கொலாசல் எல்லாம் ஒரே வரிசை. எது எவ்வளவு பெரியது என்ற படிநிலை எங்கும் பதிவாகவில்லை. தலைச்சொல் வழியாக மாற்றுச் சொல் எடுக்கும் நிரல், 'ஓரளவு பெரிய வீடு' என்பதை 'ராட்சத வீடு' ஆக்கிவிடும். இதைப் பிழை என்று சொல்ல முடியாது, வடிவமைப்பே அப்படி. பெயர்ச்சொற்களுக்கு உள்ள மேல்-கீழ் மரம் (பொதுச் சொல்லின் கீழ் குறிப்பான சொல்) பெயரடைகளுக்கு இல்லை. அதனால் பாதைத் தொலைவை வைத்துக் கணக்கிடும் ஒப்புமை எண்ணும் இங்கே பயன்படாது.

பைத்தான் நிரல்மொழியில் என்எல்டிகே என்ற மொழிச் செயலாக்க நூலகம் மூலம் எடுப்பவர்களுக்கு: தலைச்சொல்லின் வகைக்குறி 'ஏ', சுற்றுச்சொல்லுக்கு 'எஸ்'. கொத்தின் பெயரை நேரடியாகக் கொடுத்து எடுக்கும்போது பிக்கிஷுக்கு 'ஏ' போட்டாலும் கிடைக்கும், ஆனால் தலைச்சொல்லான லார்ஜுக்கு 'எஸ்' போட்டால் கிடைக்காது. மீடியம்-சைஸ்டு போன்றவற்றில் இணைப்புக்கோட்டை விடாதீர்கள்.

நடைக்குறிப்பும் அநேகமாக இல்லை. லார்ஜிஷ் பேச்சுவழக்கில் சரி. அலுவலக அறிக்கையில் ஃபேர்லி லார்ஜ் என்று எழுதுவதே பொருத்தம். கற்போருக்கான ஆங்கில அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்த வேறுபாடு தெரியாது.

ஓபன் இங்கிலீஷ் வேர்ட்நெட் இதே தரவைத் தொடர்ந்து புதுப்பித்து வருகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதை எடுக்கலாம். அடுக்குமுறை அதிலும் இதேதான், ஆகவே ஒரே கொத்துக்குள் இருக்கும் சொற்களை மட்டும் மாற்றுச் சொல்லாக ஏற்று, தலைச்சொல்லுக்கு ஏறும் படியை நிரலிலேயே அடைத்துவிடுங்கள்.