நட்ஸ் பாக்கெட்டில் பேட்ச் எண்ணை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள்

ஆன்லைனில் நட்ஸ் மிக்ஸ் வாங்குகிறவர்கள் கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள். பேதியும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா என்ற கிருமி கலந்திருக்கலாம் என்று தயாரித்த நிறுவனமே திரும்பக் கேட்ட சரக்கை, அந்த அறிவிப்பு வெளிவந்த பிறகும் ஒரு விற்பனையாளர் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை.

பாதாம், முந்திரி, பிஸ்தா, வேர்க்கடலை எல்லாம் கலந்த வறுத்த மிக்ஸ். பாக்கெட்டின் பின்புறம் கீழ் ஓரத்தில் விற்பனையாளரின் ஸ்டிக்கர்: பேக் செய்த தேதி, எதற்குள் சாப்பிட வேண்டும் என்ற தேதி. பார்த்தால் புதுச் சரக்கு மாதிரிதான் இருந்தது. அப்பா மாலையில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்வார். பாதி தீர்ந்த சமயத்தில்தான் அக்கா அந்த அறிவிப்பை எனக்கு அனுப்பினாள். அதே பிராண்ட், அதே எடை. அதில் பேட்ச் எண்கள், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்ட நிறுவனம் அச்சிடும் எண்கள், வரிசையாகக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பாக்கெட்டில் தேடினால் எண்ணையே காணோம். ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். நிறுவனம் அச்சிட்ட எண் அடியில் இருந்தது, பட்டியலிலும் இருந்தது. நிறுவனம் போட்ட காலாவதித் தேதியோ ஸ்டிக்கரில் இருந்ததைவிட முந்தியது.

அந்த வாரம் அப்பாவுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து போயின. இதனால்தான் வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. மலப் பரிசோதனை செய்யாமல் யாராலும் அதைச் சொல்ல முடியாது. என் கோபம் வேறு: ஏமாற்றியதுகூட இரண்டாம்பட்சம், அதற்கு அவர்கள் சொன்ன சமாதானங்களைத்தான் தாங்க முடியவில்லை.

“டேட் இன்னும் முடியலையே சார்” என்றார் சேவை மையத்தில் பேசியவர். ஸ்டிக்கர் தேதியைச் சொல்கிறார் பாவம். அது உண்மைத் தேதியாகவே இருந்தாலும் என்ன? அந்தத் தேதி சுவைக்கும் மொறுமொறுப்புக்கும்தான். கிருமி கலந்த பாக்கெட் முதல் நாளிலேயே கிருமி கலந்ததுதான்.

“வறுத்ததுதானே சார், கிருமியெல்லாம் செத்திருக்கும்” என்பது அடுத்தது. படித்தவர்களே இதை நம்புவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நட்ஸில் ஈரம் மிகக் குறைவு. அதனால் சால்மோனெல்லா அதில் பெருகாது, ஆனால் சாகவும் சாகாது. ஓராண்டுக்கு மேல்கூட உயிரோடு கிடக்கும். காய்ந்த நிலையில் அதன் வெப்பம் தாங்கும் சக்தி கூடிவிடுகிறது. ஈரமான உணவில் அதைக் கொல்லும் சூடு இங்கே பத்தாது. போதாக்குறைக்கு, நட்ஸில் உள்ள கொழுப்பு அதை வயிற்று அமிலத்திலிருந்து காப்பாற்றுகிறது என்பதால் கொஞ்சம் கிருமியே நோய் தரப் போதும். ஆலையில் முறைப்படி வறுத்தால் கிருமி அழியும், உண்மைதான். பல நேரம் சிக்கல் வறுத்த பிறகுதான் வருகிறது. பச்சைப் பருப்பு ஓடிய அதே பெல்ட்டில் வறுத்ததும் ஓடும், கூரை ஒழுகும், எலியோ பறவையோ உள்ளே வந்திருக்கும், மேலே தூவுகிற மசாலாவிலேயே கிருமி இருக்கும். அதற்குப் பிறகு யாரும் அதைச் சூடாக்குவதில்லை, நேராக வாய்க்குத்தான் போகிறது. 2009இல் கலிபோர்னியாவில் ஓர் ஆலையின் பிஸ்தாவைப் பெருமளவில் திரும்பப் பெற்றார்களே, அதில் வறுத்த பிஸ்தாவும் சேர்த்தி.

“இதுவரைக்கும் யாரும் கம்ப்ளைண்ட் பண்ணலையே” என்றும் கேட்டார். எப்படிச் செய்வார்கள்? வாசனை மாறாது, ருசி மாறாது. சாப்பிட்ட 6 மணி நேரத்திலிருந்து 6 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி வரலாம். ஐந்து நாளைக்கு முன்னால் கொறித்த முந்திரி யாருக்கு ஞாபகம் இருக்கும்? உணவில் கலக்கும் இன்னொரு கிருமியான லிஸ்டீரியா என்றால் இன்னும் மோசம், அறிகுறி தெரிய 70 நாள் வரை ஆகலாம். கர்ப்பிணிகளுக்கு அது பெரிய ஆபத்து.

தெரிந்தே அனுப்பினால் அது வெறும் சேவைக் குறைபாடு இல்லை, குற்றம். அமெரிக்காவில் 2008-09இல் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்காவின் கடலைப் பொருட்களால் 714 பேர் நோயுற்றது உறுதியானது; 9 பேர் இறந்தார்கள். அந்தக் கடலையைச் சேர்த்த பிஸ்கட், மிட்டாய், ஐஸ்கிரீம் என்று மற்ற நிறுவனங்களின் ஆயிரக்கணக்கான பொருட்களையும் சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. பரிசோதனைச் சான்றிதழிலேயே பொய் சொன்னது நீதிமன்றத்தில் நிரூபணமாகி, 2015இல் அதன் தலைவர் ஸ்டூவர்ட் பார்னெலுக்கு 28 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

பேட்ச் எண்ணுக்கு ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறேன் என்றால், திரும்பப் பெறும் ஏற்பாடு மொத்தமும் அந்த ஒற்றை வரியில்தான் நிற்கிறது. 2022 மே மாதம் அமெரிக்காவில் ஜிஃப் என்ற பிராண்டின் பீனட் பட்டரைத் திரும்பப் பெற்றபோது, 1274425 முதல் 2140425 வரை உள்ள எண்களில் 425 என்று முடிபவை மட்டும் என்றார்கள். அந்த 425தான் எந்த ஆலையில் தயாரானது என்பதைக் காட்டுவது. வீட்டில் இருக்கும் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப் போடலாமா என்று முடிவெடுக்க வேறு வழி கிடையாது. அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் நம் கண்ணைக் கட்டுகிறார், அவ்வளவுதான். பெரிய மூட்டையாக வாங்கித் தன் கவரில் பிரித்து அடைத்து, மூல எண்ணைப் போடாமல் விற்பவரும் அதே ரகம்தான்.

உங்களிடம் இப்படிப்பட்ட பாக்கெட் இருந்தால் மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்னொரு முறை வறுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம்; வீட்டு வாணலியில் எவ்வளவு சூடு எங்கே ஏறியது என்று உங்களுக்குத் தெரியாது. ஃப்ரீசரில் வைத்தாலும் கிருமி சாகாது. நாய்க்கும் குருவிக்கும் போடாதீர்கள். கொட்டி வைத்த டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டப்பாவில் மாற்றி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் எண் இருக்கும் துண்டை வெட்டி உள்ளேயே போட்டு வையுங்கள். சாப்பிட்டவர் சிறு குழந்தையோ, வயதானவரோ, கர்ப்பிணியோ, எதிர்ப்பு சக்தி குறைந்தவரோ என்றால், காய்ச்சலோ பேதியோ தொடங்கியதுமே மருத்துவரிடம் போய் என்ன சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் யாராக இருந்தாலும் தாமதிக்கவே கூடாது.

கடைசியில் விற்பனையாளர் என்ன கொடுத்தார் தெரியுமா? அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன்! பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் பணம் வராதாம். இதே பேட்ச் இன்னும் எத்தனை பேருக்குப் போயிற்று, அவர்களுக்குத் தகவல் சொன்னீர்களா என்று எழுத்தில் கேட்டேன். அதற்கு மட்டும் பதில் இல்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் புகார் கொடுத்தபோது அவர்கள் முதலில் கேட்டது ஸ்டிக்கரோடு ஒரு படம், உரித்த பிறகு ஒரு படம், பிறகு ஆர்டர் ரசீது. மிச்சத்தை இரட்டைக் கவரில் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் உரிப்பதற்கு முன்பே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.