கட்டில் முனையில் தொங்கும் நீலக் குப்பி: ஸ்டெரிலியம் எப்படி?

ஐ.சி.யூ. வாசலிலும் கட்டில் முனையிலும் மாட்டியிருக்கும், கையில் தேய்க்கும் நீலக் கிருமிநாசினித் திரவம்தான் ஸ்டெரிலியம். ஜெர்மனியில் 1965 முதல் விற்பனையில் இருக்கிறது. நூறு கிராமில் 45 கிராம் 2-புரோப்பனால், 30 கிராம் 1-புரோப்பனால் (இரண்டும் ஆல்கஹால்), 0.2 கிராம் மெசட்ரோனியம் எத்தில்சல்பேட் என்ற கிருமிநாசினி. கிளிசரின் சேர்ந்திருப்பதால் அடிக்கடி தேய்த்தாலும் தோல் அவ்வளவாக வெடிக்காது. வாடை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

"எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத கிருமி, கையில் தேய்க்கிற இந்தத் தண்ணிக்கா சாகப்போகிறது?" நோயாளியைப் பார்க்க வருபவர்கள் கேட்கும் கேள்வி இது. சாகும். இத்தகைய சில கிருமிகள் சுரக்கும் என்.டி.எம். என்ற நொதி உடைப்பது கார்பபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக்கை. ஆல்கஹாலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆல்கஹால் கிருமியின் உறையையும் புரதங்களையும் நேரடியாகச் சிதைத்துவிடும், பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. பாக்டீரியா ஆனாலும் சரி. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் கட்டிலருகே ஆல்கஹால் திரவம் வைத்து, ஊழியர்களை விடாமல் ஊக்குவித்தார்கள். கையைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் உண்மையிலேயே செய்தது 1994இல் 48 சதவீதம், 1997இல் 66 ஆனது; மருத்துவமனைத் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியது.

குறை, திரவத்தைவிடப் பயன்படுத்தும் விதத்தில்தான் அதிகம். உலர்ந்த உள்ளங்கையில் 3 மில்லி, முழுதாக 30 விநாடி. பல பம்புகள் ஒரே அழுத்தலில் அவ்வளவு தருவதில்லை. மருந்து மூடியில் ஒருமுறை பிடித்து அளந்து, எத்தனை அழுத்தல் என்று குப்பி மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஈரக் கையில் ஊற்றினால் ஆல்கஹால் நீர்த்துவிடும். விட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் கட்டைவிரல், விரல் நுனி, மோதிரத்துக்கு அடிப்பக்கம். கையுறை போட்டால் தேய்க்க வேண்டாம் என்பது ஆபத்தான நினைப்பு: கழற்றும்போதே கையில் கிருமி ஒட்டும்.

இரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் இது போதாது. கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கிலும் அப்படியே. அதன் வித்துகளை (கடினமான உறை போர்த்திய உறங்கு நிலைக் கிருமியை) ஆல்கஹால் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீருமாக 40 முதல் 60 விநாடி கழுவியே ஆக வேண்டும்.

காலியாகும் குப்பியில் மிச்சத்தின் மேல் புதிதை ஊற்றி நிரப்பும் வழக்கத்தை வார்டுகள் விட வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால், கை முழுவதும் காய்ந்த பிறகே ஆக்சிஜன் கருவிப் பக்கம் போங்கள். பார்வையாளர்கள் உள்ளே வரும்போது மட்டுமின்றி, கட்டில் கம்பியைத் தொட்டுவிட்டு வெளியேறும்போதும் தேய்க்க வேண்டும்.