தரமணியில் நீலாம்பிகையைத் தேடி: ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்

பள்ளி ஆண்டு மலருக்கு நீலாம்பிகை அம்மையாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். கையிலிருந்த குறிப்பு நூல்களைப் புரட்டினேன். மறைமலையடிகளின் மகள், சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்துத் திருவரங்கம் பிள்ளையின் மனைவி, ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என்றே அழைக்கத் தீர்மானித்த 1938 நவம்பர் 13 பெண்கள் மாநாட்டின் தலைவர். அதற்குமேல் ஒன்றும் இல்லை. அபிதான சிந்தாமணி என்ற பழைய கலைக்களஞ்சியம் 1910-இல் முதலில் வந்தபோது அவர் ஏழு வயதுச் சிறுமி. அங்கே தேடிப் பயனில்லை.

ஆனால் அவரே ஓர் அகராதி தொகுத்தவர். அதைக் கண்ணால் பார்க்காமல் அவர் வாழ்க்கையை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஊர் நூலகம் ஒன்றின் பட்டியலில் அந்த நூல் இருந்தது, அலமாரியில் இல்லை. ஆகவே சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன்.

மத்தியப் பாலிடெக்னிக் வளாகத்துக்குள் இருக்கிறது இந்த நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுவதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் நாடக நோட்டீசுகளும்தான் இதற்கு அடித்தளம். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. சேகரிப்பு தமிழ்நாட்டிலேயே தங்கியது. அதற்கு வழிசெய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நூற்பட்டியலை இணையத்திலேயே பார்த்துவிட்டுப் போங்கள். பெயரை ஒரே வடிவத்தில் தேடி நிறுத்திவிடாதீர்கள்: நீலாம்பிகை, நீலாம்பிகையம்மையார், திருவரங்க நீலாம்பிகை என எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். நூலின் பெயரும் அப்படித்தான்: ‘வடசொல் தமிழ்’ என்றும் வரும், ‘வடசொற்றமிழ்’ என்றும் வரும். பழைய நூல்களைத் தேடுவதில் பாதி வேலை சந்தி பிரிப்பதுதான்.

‘வடசொற்றமிழ் அகரவரிசை’, 1937. கைக்கு வந்ததும் நான் தேடிய முதல் சொல் ‘தேகம்’. காரணம் இருக்கிறது. ‘உற்ற தேகத்தை உயிர்மறந் தாலும்’ என்று வள்ளலார் பாட்டைத் தந்தை பாடி, தேகத்துக்குப் பதில் ‘யாக்கை’ என்று இருந்தால் இன்னும் நன்றாயிருக்குமே என்றபோது அருகில் இருந்தவர் பதின்மூன்று வயது நீலாம்பிகை. வடமொழிச் சொல் கலவாத தமிழை வேண்டிய தனித்தமிழ் இயக்கத்தின் தொடக்கமாக எல்லோரும் சொல்லும் நிகழ்ச்சி இது. தந்தையின் பெருமையாகவே சொல்வார்கள். அந்தச் சிறுமி இருபது ஆண்டுகள் கழித்து, வடசொல் ஒவ்வொன்றையும் எடுத்து எதிரே தமிழ்ச்சொல்லை வைத்து அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார். வரிக்கு வரி அந்த உழைப்பைப் பார்த்தபின், ‘மகள்’ என்று கட்டுரையைத் தொடங்க என்னால் முடியவில்லை. ‘அகராதி ஆசிரியர்’ என்றே தொடங்கினேன்.

ஒரு நாள் எனக்குப் போதவில்லை. அவருடைய ‘முப்பெண்மணிகள் வரலாறு’ இன்னும் பாக்கி. அரையாண்டு விடுமுறையில் மறுபடி போகிறேன்.