கம்போங் அடிடாஸ்: ஜெராய் அடிவாரக் காட்டுக்கு இந்த ரப்பர் சப்பாத்து போதுமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜெராய் மலைக்குப் பக்கத்து ஊரான பீடோங்கில் ரப்பர் பால்வெட்டும் கத்தியும் பால் பிடிக்கும் மங்கும் விற்கிற கடைகளில் கறுப்பு ரப்பர் சப்பாத்து ஜோடி ஜோடியாகத் தொங்கும். தோட்டத்தில் அதற்குப் பெயர் கம்போங் அடிடாஸ், அதாவது கிராமத்து அடிடாஸ். அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்துப் பதினைந்து வெள்ளிதான் விலை. பை கனமில்லாத ஒரு நாள் காட்டு நடைக்கு முதலில் இதையே வாங்கச் சொல்வோம்.

மேல்பாகமும் அடிப்பாகமும் ஒரே வார்ப்பு. ஒட்டு என்பதே இல்லை. விலை உயர்ந்த மலையேற்றச் சப்பாத்துகள் பலவற்றில் நடுவே பாலியூரித்தேன் என்ற நுரை மெத்தை இருக்கும். நம் ஊர் ஈரத்தில் அது மெல்ல மெல்லச் சிதையும். சில வருடம் அலமாரியில் கிடந்த ஜோடி பார்வைக்குப் புதிது போலிருக்கும், ஆனால் காட்டில் ஒரு ஓடையைக் கடந்ததும் அடி வாயைப் பிளந்துவிடும். ரப்பர் சப்பாத்துக்கு அந்தக் கதி வராது.

பந்து விளையாட்டுச் சப்பாத்தில் இருப்பதுபோல அடியில் குமிழ்கள் இருக்கும். செம்மண் சகதியிலும் வேர் பின்னிய ஏற்றத்திலும் நன்றாகப் பிடிக்கும். வழவழப்பான சிமெண்டுப் படியிலும் பாசி படிந்த பாறையிலும் குமிழ் நுனி மட்டுமே தரையைத் தொடுவதால் வழுக்கும். துப்பா அருவிப் பாறைகளில் இதைப் போட்டுக்கொண்டு தாவவே கூடாது. குரூன் பக்கம் ஜெராய்த் தார்ச்சாலை வழியாக இறங்கவும் இது ஆகாது. குமிழ் தேயும், முட்டி வலிக்கும்.

அடி மெல்லியது. கூர்மையான கல் உள்ளங்காலில் உறைக்கும். காட்டுக்குள் நுழையுமுன் செம்பனை வரிசைகளைத் தாண்ட வேண்டியிருந்தால், வெட்டி அடுக்கிய மட்டை மேல் மிதிக்காதீர்கள். அந்த முள் இந்த ரப்பரைத் துளைத்து ஏறிவிடும்.

வாங்கும்போது முன்பாகத்தைக் கையால் மடக்கிப் பாருங்கள். விறைப்பாக இருப்பது விரல் மடங்கும் இடத்தில் சீக்கிரம் வெடிக்கும், அதை விடுங்கள். பந்து விளையாடும் நீளமான காலுறையை எடுத்துப் போய், அதைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். பெருவிரலுக்கு முன் ஒரு சுண்டுவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் முட்டி நகம் கறுத்துவிடும். கயிறு கட்டி இறுக்க முடியாத சப்பாத்து இது, அதனால் தொளதொளவென்று இருந்தாலும் தொல்லைதான். குதிகால் உரசிக் கொப்பளிக்கும். தண்ணீர் உறிஞ்சாத நுரை இன்சோல் ஒன்று உள்ளே போட்டால் தொளதொளப்பும் உரசலும் குறையும்.

காற்றுப் போகாது, உள்ளே போன தண்ணீரும் வெளியேறாது. காய்ச்சிய ஆணியால் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் மூன்று துளை போடுங்கள். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே, பாதத்தின் நடுப்பகுதியில் இருக்கட்டும். விரல் மடங்கும் கோட்டில் போட்டால் அங்கிருந்தே கிழியும். புகை நெடி அடிக்கும், வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். ஆற்று மணல் அந்தத் துளை வழியாக வரத்தான் செய்யும், அவ்வப்போது கழற்றித் தட்ட வேண்டும். ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு இந்தச் சப்பாத்து மட்டும் போதாது. நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறையை முட்டிவரை இழுத்து, கால்சட்டை நுனியை அதற்குள் செருகுங்கள்.

ஆற்றைக் கடக்க இது வசதியானது, அதற்காக ஆற்றை நம்பிவிடக் கூடாது. 2021 ஆகஸ்டில் ஜெராயிலிருந்து திடீரெனப் பாய்ந்த நீர் யான் பக்கம் உயிர்களைக் கொண்டுபோனது. தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

கூடாரம், அரிசி, அடுப்பு என்று பதினைந்து கிலோ சுமந்து இரண்டு இரவு தங்கப் போகிறவர்களுக்கு இது வேண்டாம். கணுக்காலுக்குத் தாங்கல் கிடையாது. அந்தச் சுமையில் மெல்லிய அடி பாதத்தை நோகடிக்கும். கூடார இடத்தில் மாற்றிப் போட சிலிப்பராக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் கவிழ்த்து வையுங்கள். வெயிலிலோ தீயருகிலோ காயவைத்தால் ரப்பர் வெடிக்கும். குதிகால் பக்கக் குமிழ் பாதி தேய்ந்துவிட்டால் தோட்டத்து வேலைக்கு வைத்துக்கொண்டு, காட்டுக்குப் புது ஜோடி வாங்குங்கள்.