ஹோடோகு: எந்த டெக்னிக்கை முதல்ல தேடணும்னு நாமளே வரிசை போடலாம்

சுடோகுல கொஞ்சம் முன்னேறினவங்க நிறைய பேர் ஒரே இடத்துல வந்து நிப்பாங்க. டெக்னிக் பேரெல்லாம் தெரியும், ஆனா கட்டத்தைப் பார்த்தா எதை முதல்ல தேடுறதுன்னு புரியாது. இதுக்கு நான் கைகாட்டுறது ஹோடோகுதான். ஜாவால எழுதின ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர்ல ஓடும், காசு கிடையாது.

இதோட பெரிய பலமே ஆப்ஷன்ஸ்ல இருக்கிற சால்வர் பக்கம். டெக்னிக் எல்லாம் வரிசையா ஒரு லிஸ்ட்டா நிக்கும். எதை வேணா மேல ஏத்தலாம் கீழ இறக்கலாம், வேண்டாம்னா டிக்கை எடுத்துடலாம், ஒவ்வொண்ணுக்கும் இருக்கிற ஸ்கோரைக்கூட மாத்தலாம். அப்புறம் ஹிண்ட் கேட்டா நம்ம வரிசைப்படிதான் தேடித் தரும்.

டீஃபால்ட்ல நேக்கட் சிங்கிளுக்கு (ஒரு கட்டத்துல ஒரே நம்பர்தான் பொருந்தும்) அடுத்துதான் ஹிட்டன் சிங்கிள் (ஒரு நம்பருக்கு அந்த வரிசையிலயோ பாக்ஸ்லயோ ஒரே இடம்தான் இருக்கும்) வரும். கம்ப்யூட்டருக்கு அது சரி, ஏன்னா எந்தக் கட்டத்துல என்ன பாக்கின்னு அதுக்கு எப்பவுமே தெரியும். பேப்பர்ல போடுற மனுஷனுக்கு இது தலைகீழ். ஒரு கட்டம் நேக்கட் சிங்கிள்னு சொல்லணும்னா அதோட வரிசை, காலம் (மேலிருந்து கீழ போற வரிசை), 3x3 பாக்ஸ்னு 20 கட்டத்தைப் பார்த்து மத்த 8 நம்பரும் அடிபட்டுடுச்சான்னு எண்ணணும். ஹிட்டன் சிங்கிள் அப்படி இல்ல. முதல் வரிசையில நடு பாக்ஸ்ல ஒரு 7, ரெண்டாவது வரிசையில வலது பாக்ஸ்ல ஒரு 7 இருக்குன்னு வைங்க. இடது பாக்ஸ்ல 7 மூணாவது வரிசையிலதான் வரணும், அங்க ஏற்கனவே 2, 9 உக்காந்திருந்தா மிச்சம் ஒரே இடம், பென்சில் மார்க்கே (கட்டத்துல சின்னதா எழுதுற குறிப்பு) தேவையில்ல. அதனால ஹிட்டன் சிங்கிளை ஒரு படி மேல ஏத்திடுங்க, நான் முதல்ல மாத்தச் சொல்றது இதைத்தான்.

அதுக்கு அடுத்து லாக்டு கேண்டிடேட்ஸ் (ஒரு பாக்ஸ்ல ஒரு நம்பர் ஒரே வரிசையிலதான் வர முடியும்னா, அந்த வரிசையில பாக்ஸுக்கு வெளிய அதை அடிக்கிறது), இதுல மாத்த ஒண்ணுமில்ல. பேர், அதாவது ஜோடி டெக்னிக் விஷயத்துல மட்டும் கொஞ்சம் யோசிக்கணும். ரெண்டு கட்டத்துல அதே ரெண்டு நம்பர்தான் மிச்சம்னா நேக்கட் பேர், ரெண்டு நம்பருக்கு அதே ரெண்டு கட்டம்தான் இடம்னா ஹிட்டன் பேர். ஒரு வரிசையில ஆறேழு கட்டம் காலியா இருந்தா, குறிப்பு எழுதாம இருக்கும்போது ஹிட்டன் பேர்தான் சீக்கிரம் கண்ணுல படும், ஏன்னா ரெண்டு நம்பருக்கு எங்க இடம்னு மட்டும் பார்த்தா போதும். நாலு கட்டம்தான் காலின்னா ரெண்டும் ஒண்ணுதான், ஒரு பக்கம் நேக்கட் பேர் இருந்தா மிச்ச ரெண்டு கட்டமும் தானா ஹிட்டன் பேர் ஆயிடும்.

கஷ்டமான லெவல்ல என் கட்சி, ஒரே நம்பரை வச்சுப் பார்க்கிற டெக்னிக் எல்லாம் முதல்ல. ஹோடோகுல எஃப்1ல இருந்து எஃப்9 வரைக்கும் எதை அழுத்தினாலும் அந்த நம்பர் வரக்கூடிய கட்டம் மட்டும் கலர்ல தெரியும். ரெண்டு காலத்துல அந்த நம்பருக்கு ரெண்டு ரெண்டு இடம்தான் இருந்து, ஒரு முனை ரெண்டும் ஒரே வரிசையில இருந்தா, மறுமுனை ரெண்டையும் பார்க்கிற கட்டத்துல அந்த நம்பரை அடிச்சுடலாம், இதுதான் ஸ்கைஸ்கிரேப்பர். இப்படி எஃப் கீல ஃபில்டர் போட்டா எக்ஸ்-விங்கும் (ரெண்டு முனையுமே ஒரே ரெண்டு வரிசையில அமையுறது) இதுவும் ஒரே பார்வையில சிக்கும். எக்ஸ்ஒய்-விங்குக்கு ரெண்டே நம்பர் மிச்சம் இருக்கிற கட்டங்களைக் கோர்க்கணும், அது தனி வேலை, பின்னாடி வச்சுக்கலாம்.

லேர்னிங் மோட் அருமை. நாம டிக் பண்ணின டெக்னிக் தேவைப்படுற இடம் வரைக்கும் புதிரைப் போட்டு முடிச்சுட்டுக் கையில குடுக்கும், ஒரு டெக்னிக்கைத் திரும்பத் திரும்பப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல. "ஃபைண்ட் ஆல் ஸ்டெப்ஸ்" அழுத்தினா இப்ப என்னென்ன நகர்த்தல் இருக்குன்னு மொத்தமா காட்டும், நாம பார்க்காம விட்ட சுலபமான வழி அதுல பளிச்னு தெரியும்.

முகப்பு பழைய ஸ்டைல், மெனு நிறைய, முதல் நாள் கொஞ்சம் மிரட்டும், போன்ல மட்டும் விளையாடுறவங்களுக்கு இது சரிவராது. சும்மா பொழுதுபோக்கா ஈஸி லெவல் போடுறவங்களுக்கும் இவ்வளவு தேவையில்ல.

செட் பண்ணும்போது யூனிக் ரெக்டாங்கிளை மட்டும் கவனிச்சு வைங்க. புதிருக்கு ஒரே விடைதான்ங்கிற நம்பிக்கையில நிக்கிற டெக்னிக் அது, நம்பகமான புதிர்னா தாராளமா மேல ஏத்தலாம், எங்கிருந்தோ எடுத்த புதிர்னா அந்த டிக்கை எடுத்துட்டே போடுங்க.