குளியலறை வேலைக்கு ஆள் பேசும் மதுரைக்காரர்கள் கவனத்துக்கு

திருப்பாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக் குளியலறையை ஒரு ஒப்பந்ததாரர் பாழாக்கிவிட்டு, பேசிய பணத்தையும் முழுதாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. செய்த விதத்தை மட்டும் எழுதுகிறேன். வேறு யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. இனிக் கீழே குத்தவைக்க முடியாது. அதனால் மேற்கத்தியக் கழிப்பறை, வெந்நீர்க் குழாய், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் எஃகுக் கைப்பிடி, புது டைல்ஸ் என்று பேசினோம். குழாய் பதித்ததும், தண்ணீரை அழுத்தி நிறுத்திக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட்கூடச் செய்து காட்டினார். அழுத்தமானியின் முள் இறங்கவே இல்லை. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

டைல்ஸ் ஒட்டிய பிறகு கைப்பிடிக்காகத் துளை போட்டார்கள். சுவருக்குள் கீசரிலிருந்து இறங்கும் சிபிவிசி குழாய் (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) இருக்கிறது. டிரில் நேராக அதில் இறங்கிவிட்டது. மேலே வால்வை மூடியிருந்ததால் தண்ணீர் பீறிடவில்லை. ஆனால் சிமென்ட் தூளோடு பிளாஸ்டிக் துருவலும் வந்திருக்குமே, துளை போட்டவருக்குத் தெரியாமலா இருக்கும்? இரண்டு டைல்ஸைப் பெயர்த்து, ஓட்டை விழுந்த துண்டை அறுத்தெடுத்து, புதுத் துண்டும் அதை இணைக்கும் கப்ளரும் வைத்து ஒட்டியிருந்தால் அரைநாள் வேலை. சொல்லியிருந்தால் அந்தக் கூலியையும் நாங்களே கொடுத்திருப்போம். அவர்களோ துளைக்குள் ஓட்டை அடைக்கும் பசையான எம்-சீலைத் திணித்து, மேலே வெள்ளைச் சிமென்ட் பூசி, கைப்பிடியை ஒரு சாண் தள்ளி மாட்டிவிட்டார்கள்.

அம்மா அப்போதே கேட்டிருக்கிறார். "ஏன் தம்பி, குறித்த இடத்தில் மாட்டவில்லை?"

"அங்கே சுவர் பிடிமானம் இல்லை அம்மா. இங்கே மாட்டினால்தான் ஆடாது."

வெந்நீர் ஓடும்போது குழாய் விரியும், ஆறும்போது சுருங்கும். அழுத்தமும் இருக்கிறது. மேலாக அப்பிய எம்-சீல் அதற்கு எத்தனை நாள் தாங்கும்? அடுத்த அறையில் பீரோவுக்குப் பின்னால் பெயிண்ட் கொப்பளித்து, சுவரில் உப்புப் பூத்தது. ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டதும் வந்தார், பார்த்தார். "ஐப்பசி மழை அண்ணே. ஓதம் ஏறியிருக்கிறது. தை பிறந்தால் தானாகக் காய்ந்துவிடும்" என்றார். மழை ஓதம் வெளிச்சுவரில் ஏறும். இது இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவர்!

இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மாடித் தொட்டியில் தண்ணீர் நின்ற அளவைக் குறித்து வைத்தோம். விடிந்து பார்த்தால் இறங்கியிருந்தது. கீசருக்குப் போகும் வால்வை மூடிவிட்டுப் பார்த்தபோது இறங்கவில்லை. தெரிந்த பிளம்பர் ஒருவர் வந்து, அந்த வெள்ளைச் சிமென்ட் பொட்டு இருந்த டைல்ஸைப் பெயர்த்தார். குழாயில் வட்டமாக ஓட்டை, அதைச் சுற்றி ஊறிப்போன எம்-சீல். படம் எடுத்து ஒப்பந்ததாரருக்கு அனுப்பினேன். குழாய் கம்பெனியின் குறை என்று பதில் வந்தது. அதன்பின் போனை எடுப்பதில்லை.

ஆசிட் கதை வேறு. கடைசி நாளில் சிமென்ட் கறை போக வேண்டும் என்று ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். புதுக் குழாய்களின் குரோம் பூச்சு கறுத்துப் புள்ளி விழுந்துவிட்டது, டைல்ஸ் இடுக்குப் பூச்சும் அரித்துப்போனது. கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, ஆசிட் பட்டதற்கு உத்தரவாதம் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தரை வாட்டம் வாசல் பக்கம் போனதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

வேலை நடந்துகொண்டிருப்பவர்களுக்கு: பூச்சு போடும் முன் ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்துப் பிடித்துக் குழாய்களைப் படம் எடுங்கள். துளை போடுபவரிடம் அந்தப் படத்தைக் காட்டிய பிறகே டிரில்லைத் தொடவிடுங்கள். பிரஷர் டெஸ்டைக் கைப்பிடி, கண்ணாடி, துண்டுக் கம்பி எல்லாம் மாட்டிய பின் இன்னொரு முறை கேளுங்கள். முதலில் செய்த டெஸ்ட், பிறகு விழும் ஓட்டைக்குச் சாட்சி சொல்லாது. மாட்டும் இடத்தைத் திடீரென்று மாற்றினால் பழைய துளையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைசித் தவணையைச் சில வாரம் நிறுத்தி வைப்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சுவரை உடைக்கும்போது வீடியோ எடுங்கள், பெயர்த்த குழாய்த் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்காமல் நாமே வாதாடலாம். தேசிய உதவி எண் 1915. நாங்கள் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். வாட்ஸ்அப் செய்திகளும் பணம் அனுப்பிய விவரமும் கையில் இருக்கின்றன.

அவர் இப்போது நாகமலைப் பக்கம் ஒரு வீட்டில் வேலை எடுத்திருப்பதாகக் கேள்வி. அந்தப் பக்கம் யார் வீட்டிலாவது குளியலறை வேலை நடந்தால், டைல்ஸில் வெள்ளைச் சிமென்ட் பொட்டு ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள்.